எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடிப்பதில்லை

போடிநாயக்கனூரில் கிட்டார் கெட்டுப்போனால் வாசித்தவனைத் திட்டக் கூடாது. மலையைத்தான் திட்ட வேண்டும். போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஆனி, ஆடியில் துவைத்த துணி காய்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அதே மாதத்தில் கீழே போடியில் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். காற்று மட்டும் மலையிறங்கி வந்து உதட்டை வெடிக்க வைக்கும். மனிதர்கள் ஸ்வெட்டரைப் போட்டும் கழற்றியும் சமாளிக்கிறார்கள். மரத்துக்கு அந்த வசதி கிடையாது. ஈரம் ஏறினால் பலகை குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இருந்தால் கிட்டார் சுகமாக இருக்கும் என்பது உலகமெங்கும் அதைச் செய்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எங்கள் மலை அந்தக் கணக்கில் மேலே தவறும். ஊர் கீழே தவறும்.

ஆகவே ஏலத்தோட்டத்துச் சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாங்கிய கிட்டார், மழைக்காலத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். கம்பிகள் கைப்பலகையை விட்டு உயர்ந்துபோய், அழுத்துகிறவன் விரலில் பள்ளம் விழும். அதையே பங்குனியில் கீழே கொண்டுவந்தால் வயிறு உள்வாங்கி, கைப்பலகையில் குறுக்கே பதித்த பிரெட் என்கிற உலோகப் பட்டைகளில் கம்பி உரசிக் கரகரக்கும். கைப்பலகை ஒடுங்கி, பிரெட் முனைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். முழுப் பலகையில் செய்த கிட்டார் என்றால் வெடிப்பு. பிளைவுட் என்றால் பலகை பிழைத்துக்கொள்ளும், பசை விட்டுவிடும். போதாக்குறைக்கு ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு சுமார் 70 கிலோ. என்னைத் தூக்கி ராத்திரி பகலாக அதன் கழுத்தில் தொங்கவிட்ட மாதிரி.

இந்த நோய்களுக்கெல்லாம் போடியில் ஒரு வைத்தியர் இருக்கிறார். நான்தான். வேறு யாரும் அப்படிச் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பகலில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கெழுதுகிறேன். சாயங்காலம், அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவில் உள்ள நடையில் பட்டறை. “நீங்க கிட்டார் வாசிப்பீங்களா?” என்று கேட்கிறவர்களுக்கு லியோ பெண்டரின் கதையைச் சொல்வேன். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்து உலகத்து மேடைகளையெல்லாம் பிடித்தவர். அவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. “அவருக்கு ரேடியோ ரிப்பேராச்சும் தெரிஞ்சிருக்கே” என்பது வீட்டம்மாவின் கருத்து.

நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. தேவாரம் வழியாக பஸ் பிடித்தால் பண்ணைப்புரம். அங்கே பிறந்த இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர். 1982-ல் அவர் இசையில் ‘பயணங்கள் முடிவதில்லை’ படம் வந்த பிறகு இந்தப் பக்கத்து வாலிபர்களில் பாதிப் பேர் கிட்டார் வாங்கினார்கள். மீதிப் பேர் அதை இரவல் வாங்கினார்கள். அந்தக் கிட்டார்கள் இன்றைக்கும் பரண்களில் இருக்கின்றன. வாலிபர்களுக்குத்தான் மூட்டுவலி.

கருவிகள்தான் பிரச்சினை. கிட்டார் வேலைக்கென்றே மேல்நாட்டில் கருவிகள் செய்து விற்கிறார்கள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட் என்கிற துண்டில் ஆறு பள்ளம் போடுவதற்கு ஆறு தனித்தனி அரம். அந்த ஆறு அரத்தின் விலையில் ஒரு புதுக் கிட்டாரே வாங்கிவிடலாம் (போடிக்கு ரிப்பேருக்கு வருகிற ஜாதிக் கிட்டாரைச் சொல்கிறேன், பிராண்டு பெயரில் ஓர் எழுத்து மட்டும் வெளிநாட்டுப் பெயரிலிருந்து மாறியிருக்கும்). எனவே, கருவிகளை நானே செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வீட்டுச் சாமான்களின் இடப்பெயர்ச்சி.

அந்த ஆறு அரத்துக்கு மாற்று, புல்லட் மெக்கானிக்கிடம் இருக்கிறது. டாப்பெட் இடைவெளி பார்க்கும் பில்லர் கேஜ். மெல்லிய எஃகு இலைகளின் கொத்து. ஒவ்வோர் இலையும் ஒரு கனம். இலையின் ஓரத்தில் முக்கோண அரத்தால் சின்னச் சின்னப் பல் வெட்டினால், அந்தந்தக் கனத்துக்குரிய குட்டி ரம்பம் தயார். கிட்டாரின் ஒல்லிக் கம்பி 0.30 மில்லிமீட்டர், தடிக்கம்பி 1.35 மில்லிமீட்டர், தடிக்கம்பிக்கு இரண்டு இலையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே எவ்வளவு விட வேண்டும்? ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். ஏலக்காய் தரம் பிரிக்கிற சல்லடையில் 7 மில்லி கண், 8 மில்லி கண் என்று வரிசையாக இருக்கிறதே, போடிக்காரனுக்கு ஸ்கேல் எதற்கு? பள்ளம் ஆழமாகப் போய்விட்டால் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, மேலே பெவிகுவிக் ஒரு சொட்டு. சுர்ரென்று புகைந்து, கல்லாகிவிடும். மறுபடி வெட்டிக்கொள்ளலாம். ஆப்பம்தான் அன்றைக்கு எழும்பாது.

பிரெட் வெட்டுக்கு ஆக்சா பிளேடு. அதன் பல் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும், அப்படியே அறுத்தால் வெட்டு அகலமாகி பிரெட் கழன்று வரும். எண்ணெய்க் கல்லில் இரு பக்கமும் தேய்த்து விரிப்பைக் குறைத்தால் அரை மில்லிக்குச் சற்று மேலே வெட்டு விழும், அதுதான் வேண்டும். பிரெட் எங்கே விழ வேண்டும் என்பது வெறும் கணக்கு. கம்பியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் வருவது முதல் பிரெட்டின் இடம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகு, இரண்டாவது. 650 மில்லி கிட்டாரில் முதல் பிரெட் 36.48-ல் விழும், 12-ஆவது சரிபாதியில், 325-ல் வந்து நிற்க வேண்டும். பழைய காலத்தில் 18-ஆல் வகுத்தார்கள். 1581-ல் அதை எழுதிவைத்தவர் வின்சென்சோ கலிலி. 18-ஆல் வகுத்தால் 12-ஆவது பிரெட்டில் இரண்டு மில்லிக்கு மேல் உதைக்கும். வின்சென்சோவின் மகன்தான் கலிலியோ. அந்த வீட்டில் அப்பா பிரெட்டைப் பார்த்தார், மகன் வானத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டிலும் அப்பா பிரெட்டைத்தான் பார்க்கிறார். மகன் போனைப் பார்க்கிறான்.

தஞ்சாவூர் வீணைக்காரர்களைக் கண்டால் எனக்குப் பொறாமை. அவர்கள் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கிறார்கள்; காது சொல்லச் சொல்ல நகர்த்திக்கொள்ளலாம். 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். கிட்டாரில் பிரெட்டைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கியாயிற்று என்றால் இறக்கியதுதான்.

அடுத்தது கிளாம்பு. கிட்டார்ப் பட்டறையில் எத்தனை கிளாம்பு இருந்தாலும் ஒன்று குறையும். விலாப்பலகையின் உள்விளிம்பில் ஒட்டும் பட்டையைப் பிடிக்க மட்டும் நூற்றுக்கு மேல் வேண்டும். அதற்குத் துணிக் கிளிப்புகளே போதும். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டைச் சுற்றினால் பிடி இறுகும். மேல்நாட்டுப் பட்டறைகளிலும் இதையே செய்கிறார்கள். ஆனால் மேல்நாட்டில் ஆடிக்காற்று இல்லை. கிளிப்பில்லாத கொடியிலிருந்து என் வேட்டி கிளம்பி மூன்றாம் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த அக்கா, கிட்டாரின் விளிம்பெல்லாம் கிளிப் மாட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி நல்லாத்தான இருக்காப்ல?” என்று வீட்டம்மாவிடம் தனியாக விசாரித்தார்.

விளிம்புப் பட்டையை ஒட்டினால் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிடுவேன்; எந்த வளைவுக்கும் பணியும், பெயிண்டில் தடம் பதியாது, பஞ்சர் கடையில் இனாம். கழுத்தைத் தாங்க இலவம்பஞ்சுத் தலையணை. இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஸ்பாஞ்சு வாங்குவது பாவம். என் தலையணை கிட்டாருக்குப் போய், வீட்டம்மாவின் தலையணை எனக்கு வந்து, கடைசியில் அவர் புதிது வாங்கிக்கொண்டார். அதன்மேல் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்.

மேற்பலகைக்கு உள்ளே முட்டுச் சட்டங்கள் ஒட்ட வேண்டும். கை போகாத இடம். இதற்கு வளையும் கழிகளை, மேலே ஒரு தட்டுக்கும் கீழே பலகைக்கும் நடுவில் வில்லாக வளைத்து முட்டுக்கொடுப்பது பழைய முறை, கோ-பார் என்பார்கள். நான் பரணுக்கும் மேசைக்கும் நடுவே மூங்கில் சிம்புகளை நிறுத்தினேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மின் கணக்கெடுக்கும் தம்பி, மீட்டர் எங்கே என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முதல் சிம்பு விடுபட்டதும் மற்றவை ஒன்றன் பின் ஒன்றாக விடுபட்டன. அவர் குனிந்தது பயிற்சியாலா, முன்ஜென்மப் புண்ணியத்தாலா தெரியாது. இப்போதெல்லாம் வாசலில் நின்றே, “சார், இன்னைக்கு ஏதும் நிறுத்தியிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.

இனி அடுப்படி. பிரிட்ஜ் என்கிற அடிக்கட்டை மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், அரைகுறையாக ஒட்டியிருப்பதை முழுக்கப் பிரித்தெடுத்துத்தான் மறுபடி ஒட்ட வேண்டும். தச்சர்களின் வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும்; பழைய வஜ்ஜிரப் பசையும் இளகும். மெல்லிய, அகலமான, சூடு தாங்கும் தகடு வேண்டும். யோசித்துப் பார்த்தால் அப்படி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. தோசைக் கரண்டியின் முனையைக் கல்லில் தேய்த்து மெலிதாக்கி, தணலில் காட்டி, பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினால் பிரிட்ஜ் அழகாகக் கையோடு வரும். மறுநாள் காலையில் அதே கரண்டியால் திருப்பப்போன தோசை, திரும்பாமல் இரண்டாக அறுந்தது. “தோசை திருப்புறதுக்கு ஒண்ணு, மரம் அறுக்குறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கரண்டி வாங்கிக் குடுங்க” என்றார் வீட்டம்மா. நியாயமான கோரிக்கை. வாங்கிக் கொடுத்தேன். புதுக்கரண்டியின் எஃகு இன்னும் நன்றாக இருந்தது.

ஆனாலும் என் பட்டறையின் மகுடம் குக்கர்தான். நல்ல ஜாதிக் கிட்டாரில் கழுத்தும் உடம்பும் புறாவால் பொருத்தில் சேர்ந்திருக்கும். கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டால் அந்தப் பொருத்தைப் பிரிக்க வேண்டும். பிரிக்க நீராவி வேண்டும். 14-ஆவது பிரெட்டில் கழுத்து உடம்போடு சேர்கிற கிட்டார் என்றால், 15-ஆவது பிரெட்டைப் பிடுங்கிவிட்டு, அந்த வெட்டுக்குள் மெல்லிய துளை போட்டால் அது பொருத்தின் இடுக்குக்குப் போய்ச் சேரும். குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு அந்தக் குழாயில் சூடு தாங்கும் ரப்பர் டியூப், டியூபின் நுனியில் புட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசி. ஊசியைத் துளைக்குள் விட்டுச் சில நிமிடம் நீராவி காட்டினால், பல வருஷமாக விடாப்பிடியாக இருந்த பசை இளகி, கழுத்து கையோடு வந்துவிடும். மேல்நாட்டில் காப்பி மெஷினின் நீராவியை வைத்து இதைச் செய்கிறவர்களும் உண்டு. நாம் பருப்பு வேகவைக்கிற நீராவியில் செய்கிறோம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: டியூப் மடங்கினாலோ ஊசி அடைத்தாலோ நீராவிக்குப் போக்கிடம் இருக்காது. சேப்டி வால்வு சரியில்லாத குக்கரில் இந்த வேலையே வேண்டாம். சாக்கு கையுறை இல்லாமலும் வேண்டாம்.

முதல் கழுத்து கழன்று வந்தபோது நான் கத்திய கத்தலுக்குத் தெருவே வந்தது. வீட்டம்மா மட்டும் வரவில்லை; சாம்பாரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏங்க, இதுல வார்னிஷ் வாசம் வருதுங்க.” அன்றோடு அந்தக் குக்கர் பட்டறையின் சொத்தாகிவிட்டது. விசிலடிக்காது, உஸ் என்று மட்டும் சொல்லும். புதுக் குக்கர் வருகிறவரை பருப்பு சட்டியில்தான் வேகும் என்று அறிவிப்பு வந்து, சட்டியில்தான் வெந்துகொண்டிருக்கிறது.

எல்லாக் கருவியும் தயாரானால் மரம் வேண்டுமே. இதில்தான் எனக்கு மனத்தாங்கல். உலகத்தில் நல்ல கிட்டாரின் முதுகும் விலாவும் கைப்பலகையும் எந்த மரம்? ரோஸ்வுட். நம்முடைய தோதகத்தி; மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி, பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இங்கே மரம் குறைந்துகொண்டே வந்ததால், அதைக் காப்பாற்றவென்றே 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச்சட்டம். சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது என்றது அது. 2017-ல் உலக அளவிலும் ரோஸ்வுட் வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். சட்டம் நல்ல சட்டம், மரம் நிற்கட்டும். ஆனால் எங்கள் வீட்டிலேயே தாத்தாவின் தோதகத்திக் கட்டில் ஒன்று, சட்டத்துக்கு ரொம்ப முந்தியே வெட்டப்பட்டு, நன்றாகக் காய்ந்து, யாரும் படுக்காமல் கிடக்கிறது. அதன் ஒரு காலில் ஒன்று, பக்கச் சட்டத்தில் நான்கு என்று கைப்பலகைகள் என் கண்ணுக்குத் தெரிகின்றன.

நேரடியாகக் கேட்க முடியாது. ராத்திரிச் சாப்பாட்டின்போது பிரையன் மேயின் கதையை ஆரம்பித்தேன். 1963-ல் லண்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பையன். கிட்டார் வாங்கக் காசில்லை. அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து வீட்டிலேயே செய்தார்கள். கழுத்து, பழைய கணப்படுப்பின் மேற்பலகையில் வெட்டியது. அதிலிருந்த புழுத் துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். கம்பியை நடுங்கவைக்கும் கைப்பிடி நுனியில் பின்னல் ஊசியின் துண்டு. கைப்பலகையில் பதித்த புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அந்தக் கிட்டாரை வைத்துக்கொண்டுதான் குவீன் என்ற இசைக்குழுவில் உலகமெல்லாம் வாசித்தார். 2007-ல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். நான் நிறுத்தியதும் வீட்டம்மா கட்டில் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “அவிங்க அடுப்பத்தான ஒடச்சாய்ங்க? தாத்தா படுத்த கட்டிலயா ஒடச்சாய்ங்க?”

விடக்கூடாது என்று ஸ்பெயினுக்குப் போனேன். அந்தோனியோ தெ தோர்ரெஸ், தச்சராக ஆரம்பித்தவர். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தைக் கொடுத்தவர். கட்டிலைப் பற்றிப் பேசாமல், மரத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவு ஞானம் என்று காட்டுவது என் திட்டம். ஒலிக்கு மேற்பலகைதான் உயிர் என்று நிரூபிக்க 1862-ல் அவர் ஒரு கிட்டார் செய்தார், அதன் முதுகும் விலாவும் வெறும் காகிதக் கூழ் அட்டை, என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டில் ரசம் விழுந்தது. “அப்ப அட்டையிலயே செய்யலாம்ல? கட்டில விடுங்க.” வரலாற்றை வீட்டில் எடுத்துச் சொல்லும்போது கொஞ்சம் எடிட் செய்துகொள்வது நல்லது.

கட்டில் இல்லையென்றானதும் சில்வர் ஓக்கைப் பிடித்தேன். தோட்டங்களில் நிழலுக்கு நடுகிற மரம். பலகை கிடைப்பது சுலபம், ஆனால் ஈரம். காயவைக்க வேண்டும். மலையில் ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோர் இருக்கிறதே! பறித்த காயில் 80 சதவீதம் ஈரம். 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏற்றி அதை 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறார்கள். மரத்துக்கும் அதே கணக்குத்தானே என்று, தெரிந்த தோட்டக்காரரின் ஸ்டோரில், தட்டுகளுக்கு அடியில் என் பலகைகளை அடுக்கிவைத்தோம். பலகை நன்றாகத்தான் காய்ந்தது. ஒன்று திருகிக்கொண்டது, மற்றவை நேராகவே இருந்தன. அறுத்தால் இன்றைக்கும் பாயசம் மணக்கிறது. ஆனால் அந்த லாட்டின் மாதிரியைத் தட்டில் பார்த்த வியாபாரி, காயை உடைத்து முகர்ந்துவிட்டு, “பச்சை நிறம் நல்லாருக்கு, ஏன்ணே மரக்கடை வாசம் வருது?” என்றாராம். ஸ்டோர்க்காரர் என்னிடம் இன்னும் பேசுகிறார். ஸ்டோர்ச் சாவியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

முழுக் கிட்டார் எப்போது வரும் என்று கேட்கிறீர்கள். விலாவை வளைக்க வேண்டும். இரண்டு மில்லி கனத்துக்கு இழைத்த பலகையை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி அழுத்தி வளைப்பது. அந்தக் குழாய்க்கு ஒரு ஸ்டாண்டு, அந்த ஸ்டாண்டைச் செய்ய ஒரு வைஸ், அந்த வைஸை முடுக்க ஒரு மேசை என்று வேலை போய்க்கொண்டிருக்கிறது. இப்போது மேசையில் நிற்கிறேன்.

இத்தனை அனுபவத்தில் ஒரு தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பிடிக்கிற, அழுத்துகிற, சூடாக்குகிற கருவி எதையும் கடையில் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிறது, தேடுங்கள். பிரெட்டின் மண்டையைச் சமமாக்க, கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டால் போதும். அளக்கிற கருவியை மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்குங்கள். எஃகு ஸ்கேல் ஒன்று, டிஜிட்டல் காலிப்பர் ஒன்று. சல்லடைக் கணக்கைக் கேட்டு நான் செய்த முதல் நட்டை ஒரு சர்ச்சுத் தம்பி வாசித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது ஏலக்காய்க்குச் சரியா இருக்கும்” என்று சொன்னதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

மலையிலிருந்து கிட்டார் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜீப்பில் ஏறும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். எஞ்சின் சூட்டுப் பக்கம் வைக்காதீர்கள். கீழே வந்ததும் உடனே உறையைத் திறக்காமல் ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். எனக்குக் கூலி வேண்டாம். பழைய தோதகத்திக் கட்டில் கால், கதவுச் சட்டம் என்று உங்கள் வீட்டில் ஏதாவது கிடந்தால் கொண்டுவாருங்கள். அதை மட்டும் வீட்டுப் பக்கம் எடுத்துவர வேண்டாம். கமிஷன் கடையில், ஏலக்காய்ச் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போங்கள்.